வந்த காரணம்

அந்தப் பெண்கள் மருத்துவமனைக்கு மைக் வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளின் குரல் அப்படிப்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவளுக்கும் கேட்கும், மாடியில் விரிப்பு காயப்போடும் ஆயாவுக்கும் கேட்கும். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, மைக் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்கள்கூட இரண்டாம் நாளே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இருபத்தொன்பது வயதில் அந்த நாற்காலிக்கு வந்தவள். கணவன் அதே மருத்துவமனையில் ஒயர்மேனாக இருந்தான். ஒரு மழைநாளில் பழுது பார்க்கப் போன இடத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். அவன் வேலைக்குப் பதிலாக அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. மறுபடியும் கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களை அந்தக் குரலாலேயே விரட்டிவிட்டாள்.

கவுண்டருக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பேசுவதற்காக அதில் ஓர் அரைவட்ட ஓட்டை. அதை வெட்டியவன் எதை மனதில் வைத்து வெட்டினானோ, நிற்பவளின் இடுப்பு உயரத்தில் வெட்டியிருந்தான். பெண்கள் பாதி குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஓட்டையில் வாயை வைத்துப் பேச வேண்டும். நேர் மேலே ஒரு பழைய மின்விசிறி, லாரி மேடு ஏறுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். அவர்கள் சொல்வது இவளுக்குக் கேட்காது, இவள் கேட்பது அவர்களுக்குக் கேட்காது. ஆகவே கத்தினாள். கத்திக் கத்தி, கத்துவதே பேச்சாகிவிட்டது.

பதிவேட்டில் ஆறு கட்டங்கள். பெயர், வயது, கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் எத்தனை, கடைசி மாதவிலக்கு எப்போது. ஆறாவது கட்டத்தின் தலைப்பு ‘வந்த காரணம்’. அதுவும் நிரம்பினால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் டாக்டர்.

“அடுத்தது யாரு, வாம்மா. கல்யாணம் ஆச்சா? ஆகலையா? ஆகாம இங்க எதுக்கு வந்த?”

“எத்தனை நாள் தள்ளிப்போச்சு? விரல்ல காட்டாத, வாயத் திறந்து சொல்லு.”

“அரிப்பா? எங்க?”

கூடத்தில் ஐந்து வரிசை இரும்பு பெஞ்சுகள். எல்லாவற்றிலும் ஆட்கள். துணைக்கு வந்த மாமியார்கள், அண்ணன்கள், பக்கத்து வீட்டுக்காரிகள். கவுண்டரில் நின்றவளின் காரணம் அத்தனை காதுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் டாக்டரின் அறைக்குள் போகும்.

அவள் கெட்டவள் இல்லை. நிறைமாதக்காரி வரிசையில் நின்றால் எழுந்து வந்து கையைப் பிடித்து முன்னால் உட்காரவைப்பாள். கட்டில் இல்லை என்று வார்டில் கைவிரித்தால் மாடியேறிப் போய்ச் சண்டை போட்டுக் கட்டில் வாங்குவாள். “அவளுக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்” என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கவுண்டரில் குனிந்து நின்றவளுக்கு மனசு எங்கே தெரிந்தது? வாய்தான் தெரிந்தது.

அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம் தங்கை. ஒன்பது வயது இளையவள். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு, தங்கைக்கு ஒன்பது. சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, பேன் பார்த்தது எல்லாம் அக்காதான். ஒரு மத்தியானம் தங்கை புத்தகப் பையைப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய்ப் பள்ளியிலிருந்து வந்து நின்றாள். அக்கா அவளைக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், துணியை எப்படி மடித்து வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு காதோடு காதாகச் சொன்னாள்: “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டகூட. அந்த விஷயத்தையே வாயில எடுக்கக் கூடாது.” அந்த வீட்டில் யாரும் அதற்குப் பிறகு அதை வாயில் எடுக்கவில்லை. கவுண்டரில் நாளெல்லாம் உரக்கக் கேட்டதை, வீட்டில் தன் சொந்தத் தங்கையிடம் ஒரு நாளும் மெதுவாகக்கூட அவள் கேட்டதில்லை.

தங்கை ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தாள். நாளைக்கு நானூறு காலர். சட்டையின் மற்ற பாகங்களைத் தான் பார்த்ததே இல்லை, கடையில் தொங்கும்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவருக்கும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, பிள்ளை அடுத்த அறைக்குப் போனதும், மைக் அக்கா அந்த வாரத்துக் கதைகளை எடுத்துவிடுவாள். யார் எப்படி முழித்தாள், எவள் என்ன பொய் சொன்னாள். பெயர் சொல்ல மாட்டாள். மற்றதெல்லாம் சொல்லுவாள். தங்கை எழுந்து, தட்டைக் கண்ணாடி மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அக்காவின் குரலிலேயே நடித்துக் காட்டுவாள். “அடுத்தது வாம்மா. சத்தமா சொல்லு, ஊர் கேட்க வேண்டாமா?” வேன்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை கேட்டாள்.

“அக்கா, எங்க கம்பெனியில ஒருத்தி. புருஷன்கூட இருந்தா மறுநாள் ரத்தம் படுதாம். மாசத்துக்கு நடுவுலயும் படுதாம். என்னவா இருக்கும்?”

மைக் அக்கா மடிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எங்கெங்க போய் எதை வாங்கிட்டு வந்தாளோ. இந்த மாதிரி தினம் பத்து பேர் வந்து நிக்குது.”

“நல்ல பொம்பளைக்கா அவ.”

“எல்லாரும் நல்ல பொம்பளைதான், சீட்டு போடற வரைக்கும்.”

தங்கை சிரித்தாள். பிறகு தலையணை உறை ஒன்றை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு ஒரு காலை, தையல் இயந்திரத்தின் மேலேயே தங்கை மயங்கி விழுந்தாள். நாற்காலியில் ரத்தம். கூட வேலை செய்தவர்கள் அவளைப் பக்கத்திலிருந்த வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக் அக்கா போய்ச் சேர்ந்தபோது முதல் கட்டப் பரிசோதனைகள் முடிந்திருந்தன. அங்கிருந்த டாக்டர் வயதானவர். மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக்கி நேராக்கி வைத்தார். கருப்பை வாயில் புற்றுநோய், பக்கத்து உறுப்புகளுக்கும் போய்விட்டது என்றார். “ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்மா.” அதைக் கேட்டபோது வேன்காரரும் அறையில் இருந்தார். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். கையில் வண்டிச் சாவி.

வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தது. பேருந்தில் ஒன்றரை மணிநேரம். வேன்காரர் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியாக வேண்டும் என்பதால், அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனாள். கதிர் சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் இருந்தாள். சின்ன வயது, எப்போதும் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். அறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பாள். மாற்று உடையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பாள். “மாத்திட்டுச் சொல்லுங்க, அவசரம் இல்ல” என்பாள். படுக்கவைத்து இடுப்புவரை போர்த்திவிட்டு, “இப்ப தொடப் போறேன். கஷ்டமா இருந்தா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்” என்பாள்.

முதல் நாள் தங்கை கையைத் தூக்கினாள். நர்ஸ் நிறுத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தங்கை மல்லாந்து படுத்தபடியே அழ ஆரம்பித்து, நர்ஸ் தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தங்கை சொன்னாள். “நெஜமாவே நிறுத்திட்டாக்கா. இந்த மாதிரி ஒருத்தி கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“என்னிக்கு?”

“உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, ஒரு செவ்வாய்க்கிழமை. சாவி வாங்கிட்டுப் போனேனே.”

மைக் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. வரிசையில் தங்கையின் தலை தெரிந்ததும், “என்னடி இந்தப் பக்கம்?” என்று கண்ணாடிக்குள்ளிருந்து கூப்பிட்டது. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டேன், உன்னிடம் இருக்கும் இன்னொன்றைக் கொடு என்று தங்கை சொன்னது. ஓட்டை வழியாகச் சாவியை நீட்டியது. இவளுக்கு மறதி ஜாஸ்தி என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தது.

“என் சாவி என் பைக்குள்ளதான்கா இருந்துச்சு.”

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்கள் ஏறி, கிளம்பியது.

“வீட்டுல சொல்ல வாய் வரல. வரிசையில வந்தா நானும் பத்தோட பதினொண்ணு, சீட்டு போடறப்போ சொல்லிடலாம்னு நெனச்சேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு. முதல்ல இருந்தவ வெள்ளைப்படுதுன்னு சொன்னா. வாடை இருக்கா, சத்தமா சொல்லுன்னு நீ கேட்ட. பெஞ்சுல இருந்த ரெண்டு பேர் மூக்க மூடிக்கிட்டாங்க. அவ காது செவந்துபோச்சு, பின்னாடி நின்னு பார்த்தேன். எனக்கும் அதேதான், வாடை. அந்த நேரம் பார்த்து நீ என்னைப் பார்த்துட்ட. எல்லாரும் திரும்பினாங்க. வாயில வந்தது சாவிதான்.”

குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கதை மாதிரிதான் சொன்னாள், நடித்துக் காட்டத் தெம்பு மட்டும் இல்லை. “உன் வேலை அப்படி. நீ என்ன பண்ணுவ” என்று முடித்துவிட்டு, அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் தூக்கம் கலைந்துவிடக்கூடாது என்று மைக் அக்கா ஊர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழவும் முடியவில்லை. அழுதால் தோள் குலுங்கும்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய்ப் பழைய பதிவேடுகள் இருந்த அலமாரியைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை, தங்கை சாவி கேட்டு வந்த மாதம். தேடிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர். அறுபத்தொன்றாவது வரியில் அவள் கையெழுத்திலேயே, ‘வெள்ளைப்படுதல், வாடையுடன்’. அறுபத்திரண்டில், ‘வயிற்று வலி’. அறுபத்துமூன்றாவது வரியில் தங்கையின் பெயர் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு கர்ப்பிணியின் பெயர் இருந்தது. தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். தங்கை மயங்கி விழுந்த நாளுக்குப் பதினான்கு மாதங்கள் முந்தி.

தங்கையின் கடைசி மூன்று வாரங்களில் எல்லாவற்றையும் அக்காவே செய்தாள். கழுவிவிட்டாள், துணி மாற்றினாள், முதுகைத் திருப்பிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். துடைக்கட்டுமா, திருப்பட்டுமா, கதவைச் சாத்தட்டுமா. “என்னக்கா, நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?” என்று தங்கை கேலி செய்தாள். அதற்குப் பிறகு கேலி செய்யவும் அவளால் முடியவில்லை. ஒரு காலை பத்து மணிக்கு, மகளின் பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் பிய்ந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். பதினொன்றரைக்கு மூச்சு நின்றது. வயது நாற்பத்தொன்று.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, வேன்காரர் வாசலில் கிடந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீங்க அந்த ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்கீங்க. அவ ஏன்க்கா உங்ககிட்ட வரல?”

“தெரியல மாப்பிள்ளை” என்றாள் மைக் அக்கா.

பதினாறு நாள் கழித்து வேலைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முதலில் நின்றவளிடம் பெயர் கேட்டாள். குரல் வந்தது, ஆனால் அந்தக் குரல் இல்லை. பெண் “என்ன?” என்றாள். இரண்டாம் முறையும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி கத்திக்கொண்டிருந்தது. மைக் அக்கா பதிவேட்டை எடுத்துக்கொண்டு கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண்ணைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். துக்கத்தில் இருக்கிறாள், பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. வரிசை வாசலைத் தாண்டியது. “என்னம்மா ஒவ்வொருத்திகிட்டயும் கொஞ்சிட்டு உட்கார்ந்திருக்க, நேரமாகுது” என்று ஒரு மாமியார் சண்டைக்கு வந்தாள். காது மந்தமான ஒரு கிழவி, “நீ பழையபடி கத்தும்மா, அதான் நல்லாக் கேட்கும்” என்றாள். பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உங்க இடம் கவுண்டர்தானே. ஏன் பெஞ்சுல போய் உட்கார்றீங்க?”

“அங்க உட்கார்ந்தா கத்த வேண்டியிருக்கு சார்.”

“இருபத்தோரு வருஷமா கத்தினீங்களே.”

“ஆமா சார். அதனாலதான்.”

அவருக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் பெஞ்சுக்கே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். எல்லாரும் சின்ன டாக்டர் என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் மைக் அக்கா அவர் அறைக்குப் போனாள். “வந்த காரணத்தை மட்டும் ஒரு தனிக் காகிதத்துல எழுதி மடிச்சு உங்களுக்கு அனுப்பட்டுமா டாக்டர்? பதிவேட்டுல எழுதினா பக்கத்துல நிக்கிறவங்க எட்டிப் பார்க்கறாங்க.”

சின்ன டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். “எந்தக் காரணம்க்கா?”

“சீட்டு போடும்போது கேட்டு எழுதறோமே, அது.”

“அதுவா? அத நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே. உள்ள வந்ததும் நானே கேட்டுக்கறேன். எங்ககிட்ட அந்தப் பதிவேடு வர்றதே இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் பார்த்திருக்க மாட்டாங்க.”

மைக் அக்கா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு நூறு பேர். இருபத்தோரு வருஷம். அத்தனை பேரையும் குனியவைத்து, வாயைத் திறக்கவைத்து, ஊர் கேட்கக் கேட்டு வாங்கி எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. தங்கையை அந்த வரிசையிலிருந்து துரத்திய கேள்வி யாருக்குமே தேவைப்படாத கேள்வி. மேலேயிருந்து விரிப்புகளோடு இறங்கிய ஆயா, “என்ன மைக்கு, கால் வலியா?” என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனாள்.

ஆறாவது கட்டத்தை எடுத்துவிட ஏழு மாதம் பிடித்தது. சின்ன டாக்டர் மேலே எழுதினார், மேலேயிருந்து கேள்வி வந்தது, பதில் போனது. கண்ணாடிக்கு உத்தரவு வரும்வரை மைக் அக்கா காத்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை திருப்புளியோடு வந்து நான்கு திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கிப் பழைய சாமான் அறையில் சாத்தி வைத்தாள். அதற்கும் ஒரு கடிதம் வந்தது. பரிசோதனை அறைக் கதவுக்கு நாலு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். நாலு வருஷமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாள். இரும்புக் கடையில் ஒன்று வாங்கி வந்து, கணவனின் பழைய துளைக்கருவியால் தானே பொருத்தினாள். அது கொஞ்சம் கோணலாகத்தான் அமைந்தது. ஆனால் விழுந்தது.

எல்லாரும் மாறிவிடவில்லை. ஆயா மாறவில்லை. பிரசவ அறையில் வலியில் கத்துகிறவளிடம் “அப்ப இனிச்சுதா?” என்று கேட்பதை அவள் விடவில்லை. மைக் அக்கா போய்க் கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். “நீ மட்டும் என்ன யோக்கியம்? உங்கிட்ட கத்துக்கிட்டதுதான்” என்றாள் ஆயா.

ஒருநாள் சின்ன டாக்டர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். மூன்று வாரம் முன்னால் வந்த ஒரு பெண், முப்பத்தெட்டு வயது, இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போனவளாம். இப்போது கேள்வி கேட்பதில்லை என்று யாரோ சொல்லி வந்திருக்கிறாள். அதே நோய்தான். ஆனால் ஆரம்பம். சின்ன அறுவை சிகிச்சையோடு போய்விடும். “உங்களால பிழைச்சவக்கா அவ” என்றார். மைக் அக்கா தலையாட்டினாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அந்த முகம் தெரியாத பெண்மேல் பொறாமைதான் வந்தது. பிறகு அப்படிப் பொறாமைப்பட்டதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. குழாயை மூடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினாள்.

இரண்டாம் ஆண்டு மேலதிகாரிகள் பார்க்க வந்தார்கள். பெண்கள் கூட்டம் இங்கே மட்டும் ஏன் கூடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தார்கள். பெரிய டாக்டரே முன்னால் நின்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். “இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சும்மா?” என்று அதிகாரி கேட்டார். “வேலை பார்த்துப் பார்த்துத் தோணிச்சு சார்” என்றாள். கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் ஐந்தாம் பக்கத்தில், கண்ணாடியில்லாத கவுண்டருக்கு முன்னால் அவள் நிற்கிற படம் வந்தது.

அன்று சாயங்காலம் வேன்காரர் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. இந்த இரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மைக் அக்கா பார்த்ததில்லை.

“பார்த்தீங்களா அக்கா? வேன்ல இருந்த டீச்சருங்ககிட்ட எல்லாம் காட்டினேன். எங்க அக்கான்னு சொன்னேன். அவ இருந்திருந்தா இத ஊர் பூரா தூக்கிட்டு அலைஞ்சிருப்பா.”

மைக் அக்கா அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை, அவ ஏன் என்கிட்ட வரலைன்னு கேட்டீங்களே. அவ வந்தா.”

எல்லாவற்றையும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே தான் சொன்ன வார்த்தை, செவ்வாய்க்கிழமை, வாடை இருக்கா என்று கேட்டது, சாவி, பேருந்து, அறுபத்துமூன்றாவது வரி. அவள் முடித்தபோது அவர் கையிலிருந்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மாசம்?” என்றார்.

“பதினாலு.”

“டாக்டர் ஒரு வருஷம்னு சொன்னாரு.”

“ஆமா.”

செய்தித்தாளை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். “என்கிட்டயும்தான் அவ சொல்லல” என்று மெதுவாகச் சொன்னார். “வலிக்குதுன்னு நகர்ந்து நகர்ந்து படுத்தா. நான் கோவிச்சுக்கிட்டேன். ஏன்னு கேட்கல.” அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்தார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, கோபம் இல்லாத குரலில் சொன்னார்.

“கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க அக்கா. பிள்ளைகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்.”

“சரி மாப்பிள்ளை.”

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் இன்னும் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடாததில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவும் இல்லை. தங்கை மகள் எப்போதாவது பள்ளியிலிருந்து போன் செய்து, பரீட்சை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். அப்பா சொன்னது என்ன என்று அவளும் சொல்வதில்லை, பெரியம்மாவும் கேட்பதில்லை. மருத்துவமனையில் அவளை இன்னமும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளங்குவதில்லை. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். பேருந்து நிறுத்தத்துக்கு நேர்வழி தங்கை வீட்டுத் தெரு. அந்த நேரத்தில் வேன்காரர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மரப்பட்டறை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். பத்து நிமிஷம் கூட ஆகிறது.